கட்டுவிரியன் என்று சீட்டு ஒட்டிய படம்

மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்குள் இன்னும் இரண்டு படங்களை அனுப்பிவிட்டால் அருணகிரியின் இன்றைய வேலை முடிந்தது. காலையிலிருந்து ஆறு பாம்புகள் போய்விட்டன. நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், சாரை, நீர்க்கோலி என்று ஒவ்வொரு தாளாகப் பருத்திக் கையுறை போட்ட கையால் ஓரம் பிடித்துத் தூக்கி, ஸ்கேனருக்குக் கீழே வைத்து, படம் பிடித்து, எண் போட்டு அனுப்பியாயிற்று. இருநூறு வருஷத்துக்கு முந்தைய தாள்கள். செம்புத் தகட்டில் கீறி அச்சடித்து, மேலே கையால் வண்ணம் பூசியவை. எழுத்துப் பகுதி எப்போதோ தொலைந்துபோய், தையலும் விட்டுப்போய், படங்கள் மட்டும் ஒரு அட்டைப் பெட்டியில் தனித்தனித் தாள்களாகக் கிடந்தன. எழும்பூரில், ரயில் நிலையத்து அறிவிப்பு காற்றுவாக்கில் வந்து விழுகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது இந்த இயற்கையியல் சங்கத்து நூலகம். அருணகிரி இங்கே இருபத்தாறு வருஷமாக உதவியாளர். பெட்டியை அவர் எத்தனையோ தடவை தூசு தட்டி மறுபடி அடுக்கியிருக்கிறார், திறந்து பார்த்ததில்லை. பாம்புப் படம் என்று தெரியும், அதனால் திறக்கவில்லை. இப்போது சங்கமே ஒரு சுவரொட்டி போடுகிறது. டெல்டா மாவட்டங்களின் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டுவதற்கு. இடது பக்கம் சிவப்புப் பட்டையில் விஷப் பாம்புகள் நான்கு, வலது பக்கம் பச்சைப் பட்டையில் அவற்றைப் போலவே இருக்கும் விஷமில்லாத பாம்புகள் நான்கு. பழைய படங்களையே போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்று சொன்னது சுவரொட்டியை வடிவமைக்கும் ஃபர்ஹானா. அவள் சொன்னதும் சரிதான், அழகாகத்தான் இருக்கின்றன. மிச்சம் இருப்பது பதினேழாம் படமும் பதினெட்டாம் படமும். கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும். ஒன்று கடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம், இன்னொன்று பல்லி பிடித்துத் தின்கிற சாது. இரண்டும் கறுப்பில் வெள்ளைக் கட்டுப் போட்டவை. அரைமணி நேரமாக இரண்டு தாளும் மேசைமேல் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன, அவர் எதையும் தூக்கவில்லை.

தூக்கினால் என்ன, இரண்டு நிமிஷ வேலை. தூக்க வேண்டியதுதானே. கையுறைக்குள் விரல்கள் பிசுபிசுக்கின்றன. கழற்றி மேசைமேல் போட்டார், மறுபடி மாட்டிக்கொண்டார். பதினேழாம் படத்தின் கீழே மஞ்சளித்த சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது, கட்டுவிரியன் என்று. பதினெட்டின் கீழே இன்னொரு சீட்டு, வரையன் என்று. அச்சடித்ததில்லை, பிற்காலத்தில் யாரோ கட்டைப் பேனாவால் எழுதிப் பசை தடவி ஒட்டியது. பசை பழுப்பேறி ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பாம்புக்குக் கழுத்திலேயே கட்டு ஆரம்பிக்கிறது. அதுதான். கட்டுவிரியன் என்று எழுதியிருக்கும் பாம்புக்கு, தலைக்குப் பின்னால் விரற்கடை தள்ளி, பட்டையாக முதல் கட்டு. அப்புறம் இன்னொன்று. வால் பக்கம் போகப்போகக் கட்டுகள் மங்கிக்கொண்டே போய் இல்லாமல் போகின்றன. நேர்மாறாக இருக்க வேண்டும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் வெறும் கறுப்பு, கட்டுகள் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும், மெல்லிய இரட்டைக் கோடுகளாக, வாலை நோக்கித் தெளிந்துகொண்டே போகும். வரையன் என்று எழுதியிருக்கும் பதினெட்டில் அப்படித்தான் இருக்கிறது. சீட்டு மாறியிருக்கிறது. யாரோ உதிர்ந்த சீட்டை எடுத்துத் தப்பான தாளில் ஒட்டியிருக்கிறார்கள். இல்லை, இரு. அவசரப்படாதே. வெள்ளை ஈயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளைக்கு ஈயத்தில் செய்த வண்ணம் பூசுவார்கள், நாளாக நாளாக அது கறுத்துப்போகும். போன வருஷம் ஒரு கொக்குப் படத்தில் இறக்கையே கறுத்துப்போய்க் காகமாக இருந்தது, சங்கத்துப் பொறுப்பாளர் குளோரி மேடம்தான் விளக்கிச் சொன்னார். பதினெட்டில் தலைப்பக்கம் இருந்த வெள்ளைக் கட்டுகள் கறுத்திருக்கலாம். பதினேழில் வால்பக்கக் கட்டுகள் கறுத்திருக்கலாம். அப்படியானால் சீட்டு சரி, படம்தான் பொய் சொல்கிறது. சீட்டை எழுதினவர் வண்ணம் கறுப்பதற்கு முன்னால் பார்த்தவராக இருக்கலாம். உனக்கு என்ன தெரியும்? எழுந்து ஜன்னலண்டை போனார். கீழே ஒரு ஆட்டோ பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது, சுவரில் இடிக்கப்போகிறது, இடிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கும் இப்படித்தான் நிச்சயமாக இருந்தது. அதை நினைக்காமல் ஒரு பாம்பைப் பார்க்க முடியுமா என்று எத்தனையோ தடவை முயன்று பார்த்தாகிவிட்டது, தொலைக்காட்சியில் வந்தால்கூட ரிமோட்டைத் தேடுவார். மனைவிக்குக் காரணம் தெரியாது, பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயம்தான். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே அவருடைய ஊர், விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு அவன் வீட்டில் இருந்த நாட்கள். அவன் என்றே நினைக்க முடிகிறது அந்த இருபத்திரண்டு வயதுக்காரனை. தெருவில் யாருக்காவது பூரான் கடித்தால்கூட அவனிடம் வந்து சொல்வார்கள், ஆட்டுக்கு வயிறு உப்பினால்கூட. ஏழரை மணி, மின்சாரம் இல்லை. பக்கிரிசாமி ஒரு கம்பின் நுனியில் பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார், தலை நசுங்கியிருந்தது. பின்னால் அவர் பெண்சாதி பூங்காவனம் தானே நடந்து வந்தாள், கையை முந்தானையில் துடைத்தபடி. அவர்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். வறட்டி எடுக்கக் கையை விட்டாளாம், இடுக்கில் இருந்திருக்கிறது. “வலியே இல்லீங்க தம்பி. முள்ளு குத்துன மாதிரிதான் இருந்துச்சு. இவருதான் பெருசா இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. உலை கொதிக்குது அங்க” என்றாள். யாரோ டார்ச் அடித்தார்கள். அவன் குனிந்தான். இரண்டடிகூட இல்லை, ஒல்லி, உடம்பில் கட்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்து ஜாடி ஞாபகம் வந்தது, ஸ்பிரிட்டில் வெளிறிக் கிடந்த வரையன், அதுவும் கட்டுப் போட்டது, அதுவும் இதே அளவு. அவள் கையைப் பார்த்தான், பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர், எல்லாரும் பெரியவர்கள். “வரையன். விஷம் கிடையாது” என்றான். கூட்டத்தில் யாரோ, எதுக்கும் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிடலாமே, டிராக்டர் நிக்குது என்றார்கள். டிராக்டர் அங்கேதான் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சுள்ளென்று வந்தது. “விஷப் பாம்புன்னா இந்நேரம் கை வீங்கியிருக்கும்ல? போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கச் சொல்லுங்க” என்றான். டிராக்டர்க்காரர் எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றது இன்னும் காதில் இருக்கிறது. டிராக்டர் ஓடுகிற சத்தத்துக்கு அவருக்கு ஒன்றும் ஆவதில்லை, எங்கேயாவது ஒரு டிராக்டர் நின்றால்தான் அந்த ராத்திரி திரும்பி வரும்.

போன் அதிர்ந்தது. ஃபர்ஹானா. “சார், அந்த ரெண்டு படம் மட்டும் வரலை. லேஅவுட்ல இடம் விட்டு வச்சிருக்கேன். அனுப்பிட்டீங்களா?” இல்லைம்மா, கொஞ்சம் பார்த்துக்கிட்டிருக்கேன் என்றார். “ஏதாவது கிழிஞ்சிருக்கா சார்? கிழிஞ்சிருந்தா நான் இங்க சரி பண்ணிக்கிறேன்.” கிழியவில்லை என்றார். “அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும் சார், ப்ளீஸ்.” சரிம்மா. போனை வைத்துவிட்டு எதற்குச் சரி என்றோம் என்று நினைத்தார். எதற்கும் சரி என்று சொல்கிற வாய் இது, அன்றைக்கு ஒரு தடவைதான் சரி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். போய்க் காட்டிட்டு வாங்க, எதுக்கும் நல்லது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அதைச் சொன்னால் இவனுக்கும் தெரியாது என்று ஆகியிருக்கும், அவ்வளவுதானே. காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நன்றாகத் தூங்கியிருந்தான், அதுதான், கனவுகூட இல்லாமல். ராத்திரி வயிறு வலிக்கிறது என்றிருக்கிறாள், அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் கண் இமையைத் திறக்க முடியவில்லை என்றிருக்கிறாள், தூக்கக் கலக்கம் என்று விட்டிருக்கிறார்கள். டிராக்டரில் பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன் கடித்தால் வீங்காது. வலிக்காது. அது பாடப்புத்தகத்தில் இருந்தது, நூற்று எத்தனையாவதோ பக்கத்தில், அவன் படித்திருந்தான். விரியன் என்றாலே வீங்கும் என்று கண்ணாடிவிரியனை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறான். ஊரில் ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. டார்ச் வெளிச்சத்துல யாருக்குத் தெரியும், தலை வேற நசுங்கிக் கெடந்துச்சு, அவளுக்கு அவ்வளவுதான் என்றார்கள். அவனும் அதையே பிடித்துக்கொண்டான், டார்ச் வெளிச்சம், நசுங்கின தலை. பாம்பை அன்றைக்கே எரித்துவிட்டார்கள், மறுபடி பார்க்க வழியில்லை. காரியம் முடிந்து பக்கிரிசாமி வந்தார். வாசலிலேயே நின்றார். “நீங்க சொன்னதால பயமில்லாமத் தூங்குனா தம்பி. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்” என்றார். அந்த வாக்கியத்தை முப்பத்தொரு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. உள்ளே குத்தல் இருக்கிறதா என்று. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. இல்லை, அந்த மனுஷர் மனசார நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். அடுத்த மாதம் அவன் சென்னைக்கு வந்துவிட்டான்.

மூன்றரை. அனுப்பிவிடலாம். அனுப்பிவிட்டால் தப்பு சீட்டை எழுதினவருடையது, அவர் செத்து எழுபது எண்பது வருஷம் ஆகியிருக்கும். அருணகிரியைக் கேட்டு யாரும் சுவரொட்டி போடவில்லை, அவர் ஸ்கேன் எடுக்கிற ஆள். படங்களைப் பார்த்து ஒப்புக்கொண்டது குளோரி மேடம், விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கினவர், சங்கத்துக்கே பொறுப்பாளர். அவர் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டதா. ஆனால் மேடம் பார்த்தது ஃபர்ஹானா எடுத்து அனுப்பியதைப் போனில், கட்டை விரல் நகம் அளவுக்கு. அவர் சீட்டைத்தான் படித்திருப்பார். எல்லாரும் சீட்டைத்தான் படிப்பார்கள். சுவரொட்டியின் பச்சைப் பக்கத்தில் கட்டுவிரியன் போய் உட்காரும், கீழே விஷமற்றது என்று பெரிய எழுத்தில். ஒருத்தர் கம்பு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார், பின்னால் பத்துப் பேர் வருவார்கள், டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், இதோ இருக்கு பாரு என்பார்கள். அருணகிரி எழுந்துவிட்டார். உட்கார்ந்தார். சொன்னால்? சொல்லி, அதுவும் தப்பாக இருந்தால்? வெள்ளை ஈயம்தான் கறுத்திருந்தால்? இவர் பேச்சைக் கேட்டுச் சரியாக இருந்ததை மாற்றிப் போட்டு, அதனால் ஒருத்தி வீட்டுக்குப் போய் உலையைப் பார்த்தால்? நிச்சயமாகத் தெரிகிறது என்பதுதான் பயமாக இருக்கிறது. நிச்சயம் என்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், நெஞ்சுக்குள் ஒரு மாதிரி வெதுவெதுப்பாக, கொஞ்சம் கர்வமாக இருக்கும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருக்கும்போது நம்பக்கூடாது என்று வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறார். மருந்துக் கடையில், மகளின் கல்லூரிச் சேர்க்கையில், ரயில் எந்த நடைமேடையில் வரும் என்று யாராவது கேட்டால்கூட, சரியாத் தெரியலைங்க, அங்க கேட்டுக்கங்க. மனைவி கிண்டல் செய்வாள், உங்க பேரையாவது நிச்சயமாச் சொல்வீங்களா என்று.

வண்ணம் கறுக்கும். கோடு கறுக்காது. இது எப்போது தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை, கையுறையை மூன்றாவது தடவை கழற்றிக்கொண்டிருந்தார். வண்ணம் மேலே பூசினது, அது வெளுக்கும், கறுக்கும், உதிரும். செதில்களை வரைந்தது செம்புத் தகட்டில் கீறின கோடு, அச்சில் விழுந்தபடியே இருக்கும். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவில் ஒரு வரிசைச் செதில், மற்றச் செதில்களைவிடப் பெரிசாக, அறுகோணமாக, தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக ஓடும். வரையனுக்கு அப்படிக் கிடையாது. மூன்றாம் வருஷச் செய்முறைத் தேர்வில் கேட்டது. பதினெட்டாம் தாளை இரண்டு கையாலும் தூக்கி ஸ்கேனருக்குக் கீழே வைத்தார். படம் திரையில் வந்தது, பெரிசாக்கினார், இன்னும் பெரிசாக்கினார், பாம்பு போய்ச் செதில்கள் மட்டும் நின்றன. வரைந்தவர் ஒன்றையும் விடவில்லை. எந்த ஊர்க்காரரோ, பெயர்கூட எங்கேயும் இல்லை, செத்த பாம்பைப் பலகையில் நீட்டி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் எண்ணியிருக்கிறார், அவசரப்படவில்லை. முதுகின் நடுவே, பழுப்பேறிய கறுப்புக்கு அடியில், அறுகோணங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பதினேழை வைத்துப் பார்த்தார். முதுகில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. தெரிந்துவிட்டது. மறுபடி பதினெட்டை வைத்தார், மறுபடி பதினேழை. நான்கு மணி ஐந்து நிமிஷம். இரண்டு தாளையும் அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு, வராந்தாவில் பத்தடி நடந்து, நின்று, பாதி திரும்பி, மறுபடி நடந்து, குளோரி மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். என்ன அருணகிரி, உட்காருங்க என்றார். அருணகிரி உட்காரவில்லை. “மேடம், இது ரெண்டும் மாறியிருக்குன்னு நினைக்கிறேன். எனக்கு நிச்சயமில்லை. நீங்களே பாருங்க” என்றார். நிச்சயமில்லை என்று ஏன் சொன்னோம் என்று உடனே எரிந்தது, ஆனால் அதுதான் வந்தது. மேடம் சீட்டைப் படித்தார், பார்த்தாயா, சீட்டைத்தான் படிக்கிறார், அப்புறம் மேசை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பேனா நுனியைத் தாளில் படாமல் மேலே நகர்த்திக்கொண்டே போனார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கீழே வைக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. “நீங்க சொல்றது சரி” என்றார். “பதினெட்டுதான் கட்டுவிரியன். கர்த்தரே, இதைப் பச்சையில போட இருந்தோமா. நான் பார்க்காம விட்டுட்டேனே.” அருணகிரி அந்த அரை நிமிஷத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவுதானா. டார்ச் வெளிச்சம் போதும் இதற்கு. நசுங்கின தலை தேவையே இல்லை, தலையைப் பார்க்கவே வேண்டாம், முதுகைப் பார்த்தால் போதும், கம்பை வாங்கிப் பாம்பைத் திருப்பியிருந்தால் போதும். தேர்வில் எழுதி மார்க் வாங்கின விஷயம். முப்பத்தொரு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நின்ற டார்ச் வெளிச்சமும் கையை விட்டுப்போயிற்று. சரி என்று ஒருத்தர் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று எங்கேயோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“பேரை மாத்திப் போடச் சொல்லி ஃபர்ஹானாகிட்ட நானே சொல்லிடறேன். நல்லவேளை அருணகிரி, எப்படிக் கண்ணுல பட்டது உங்களுக்கு?” என்று போனை எடுத்தார். மாத்திப் போட்டா போதாது மேடம் என்று அருணகிரி சொன்னது அவருக்கே சத்தமாகக் கேட்டது. மேடம் நிமிர்ந்தார். “பச்சைப் பக்கமே வேண்டாம். விஷமில்லாததுன்னு எதையும் காட்டக் கூடாது.” ஏன், தெரிஞ்சுக்கட்டுமே, கண்ட பாம்பையெல்லாம் அடிக்காம இருப்பாங்களே, அதுக்குத்தானே ஆறு மாசமா வேலை செஞ்சோம் என்றார் மேடம். கோபமில்லை, நியாயமாகத்தான் கேட்டார். “கடிபட்டவங்க அதைப் பார்க்க மாட்டாங்க மேடம். அதைப் பார்த்துட்டு ஒருத்தன் வந்து சொல்லுவான். எனக்குத் தெரியும், இது ஒண்ணும் பண்ணாதுன்னு. தெரிஞ்சவன் ஒருத்தன் எப்படியும் வந்துடுவான். அவன் பேச்சைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க.” போனைப் பிடித்த கையை மேடம் மடியில் வைத்துக்கொண்டார். “யாராவது அப்படிச் சொன்னாங்களா?” “நான் சொன்னேன்.” அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பேர் பூங்காவனம் என்றார், வறட்டி எடுக்கப் போனாங்க என்றார், டிராக்டர் நின்னுக்கிட்டு இருந்துச்சு மேடம் என்றார், நான்தான் நிறுத்தச் சொன்னேன், நிறுத்துன்னு சொல்லலை, ஆனா நான்தான். குளோரி மேடம் நாற்காலியைக் காட்டினார். இந்தத் தடவை அருணகிரி உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை மேடம் அவர் பக்கம் நகர்த்தினார், அப்புறம் அது ஆறிப்போனது என்று ஞாபகம் வந்து திரும்பவும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பரவாயில்லை, அப்போ உங்களுக்குச் சின்ன வயசு என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நாலு இருபதுக்கு ஃபர்ஹானாவை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். பாதிச் சுவரொட்டியை எடுக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள், ஐயோ மேடம் என்றாள், அச்சகத்துக்குப் போக நாற்பது நிமிஷம் இருக்கு என்றாள். சிவப்புப் பக்கத்து நாலு பாம்பும் இருக்கட்டும், கட்டுவிரியனுக்கு மட்டும் பதினெட்டாம் படம், இப்போ வந்துடும் என்றார் மேடம். பச்சைப் பக்கம் வெறுமையா இருக்குமே, அங்க என்ன போடறது என்று அவள் கேட்டபோது மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அருணகிரி முன்னால் வைத்தார். நீங்க எழுதுங்க என்றார். அவர் எழுதினார், அடித்தார், அந்த அடித்தலின் மேலேயே மறுபடி எழுதினார். எஞ்சின், உலை, வீக்கம் என்று ஏதேதோ வந்தது, அதெல்லாம் சுவரொட்டியில் எழுதுகிற சமாச்சாரமா. கடைசியில் இரண்டு வாக்கியம் மிஞ்சியது. படத்தையும் அதையும் சேர்த்து அனுப்பியபோது நாலு நாற்பத்தைந்து. இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது.

“கிடைச்சுது சார். வாசிக்கிறேன், சரியான்னு பாருங்க. பாம்பு கடித்தால், அது எந்தப் பாம்பு என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதுதானே? நல்லா இருக்கு சார். எழுத்து பெருசா வேணும்னு மேடம் சொன்னாங்க, அதான் ஒரு வார்த்தை இடிக்குது. ‘யாரிடமும்’ங்கறதை எடுத்துடலாமா? அது இல்லாமலே அர்த்தம் வந்துடுதே.”

“வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கம்மா” என்றார் அருணகிரி. “அது இருக்கட்டும்.”